க்ளூட்டன் இல்லாத உருளைக்கிழங்கு பேக் சொதப்புதா? கோளாறைப் பாத்து சரி பண்ற வழி

பண்டிகை விருந்துல மெயின் ஐட்டம் எதுவா இருந்தாலும் பக்கத்துல வைக்க உருளைக்கிழங்கு ஒயிட் சாஸ் பேக் ரொம்ப நல்ல சாய்ஸ், சின்னவங்கள்ல இருந்து பெரியவங்க வரைக்கும் எல்லாரும் சாப்பிடுவாங்க. ஒரே பிரச்சனை அந்த சாஸை கெட்டியாக்குறது மைதா, மேல தூவுறது பிரட் தூள், அதனால க்ளூட்டன் (கோதுமை மாதிரி சில தானியத்துல இருக்கிற புரோட்டீன்) ஒத்துக்காதவங்க அந்தப் பக்கமே வர முடியாது. சரி மைதாவை எடுத்துட்டு கார்ன்ஃப்ளோர் போட்டா வேலை முடிஞ்சுதுன்னு இறங்குறவங்களுக்குத்தான் சாஸ் தண்ணியாகுது, கட்டி தட்டுது, வழவழன்னு ஆகுது. மைதால ஸ்டார்ச்சோட சேர்ந்து புரோட்டீனும் இருக்கு, அதனால கொஞ்சம் அப்படி இப்படி நடந்துக்கிட்டாலும் அது தாங்கும். வெறும் ஸ்டார்ச் அப்படி இல்ல, அதுக்கு சூடு, புளிப்பு, கிளறுற வேகம், நேரம் நாலும் கணக்கு. இது மட்டும் மனசுல இருந்தா கீழ இருக்கிற பாதி கோளாறு வரவே வராது.

நான் சொல்ற அளவெல்லாம் இந்த ஒரு டிரேயை வச்சுத்தான்: உருளைக்கிழங்கு 1 கிலோ (3 மில்லிமீட்டர் கனத்துல ஸ்லைஸ்), முழுக் கொழுப்பு பால் 500 எம்எல், க்ரீம் 100 எம்எல், வெண்ணெய் 40 கிராம், கார்ன்ஃப்ளோர் 20 கிராம் அதாவது தலை தட்டின இரண்டரை டேபிள்ஸ்பூன், துருவின சீஸ் 150 கிராம், பூண்டு, மிளகு, கொஞ்சம் ஜாதிக்காய், உப்பு. 180 டிகிரி செல்சியஸ், முதல் 45 நிமிஷம் ஃபாயில் மூடி, அப்புறம் திறந்து 20 நிமிஷம், வெளிய எடுத்து 15 நிமிஷம் சும்மா விடணும். மைதால செய்ற ரெசிபி கைல இருந்தா மைதாவுல பாதி அளவு கார்ன்ஃப்ளோர் போதும், 2 ஸ்பூன் மைதாவுக்கு 1 ஸ்பூன்.

இப்ப உங்களுக்கு என்ன ஆச்சோ அந்தத் தலைப்புக்குப் போங்க. ஆனா முதல் தலைப்பை மட்டும் எல்லாரும் படிச்சுட்டுப் போங்க ப்ளீஸ்.

கோதுமையே போடல, ஆனா சாப்பிட்டவருக்கு உடம்பு சரியில்லாம போச்சு

சாஸ் கெட்டா அதிகபட்சம் டேஸ்ட் போகும், இதுல ஒருத்தரோட உடம்பு போகுது, அதனாலதான் இதை முதல்ல வச்சிருக்கேன். சீலியாக்ங்கிற நோய் இருக்கிறவங்களுக்கு க்ளூட்டன் உள்ள போனா அவங்க உடம்போட நோய் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலோட உள்சுவரைத் தாக்குது. உலகத்துல சுமாரா நூத்துல ஒருத்தருக்கு இது இருக்குன்னு கணக்கு, அதுல நிறைய பேருக்கு தனக்கு இருக்குன்னே தெரியாது. சிலருக்கு சாப்பிட்ட சில மணி நேரத்துல வயிறு காட்டிக் கொடுத்துடும், சிலருக்கு வெளிய ஒண்ணுமே தெரியாம உள்ள குடல் மட்டும் கெட்டுக்கிட்டு இருக்கும், அதனால "போன தடவை இதையேதான் சாப்பிட்டாங்க, ஒண்ணும் ஆகலையே" அப்படிங்கிறதை நம்பி எதையும் முடிவு பண்ணாதீங்க.

எவ்வளவு சின்ன அளவு பிரச்சனைன்னு புரிஞ்சா கவனம் தானா வந்துடும். பாக்கெட் மேல க்ளூட்டன் ஃப்ரீன்னு போடணும்னா ஒரு கிலோ சாப்பாட்டுல 20 மில்லிகிராம் க்ளூட்டனுக்கு மேல இருக்கக் கூடாது, கோடெக்ஸ்ங்கிற சர்வதேச உணவுத் தர விதியோட அளவு அதுதான், அமெரிக்கா, ஐரோப்பா, இந்தியா எல்லா இடத்துலயும் அதே அளவுதான். ஒரே ஒரு கிராம் பிரட் தூள்லயே அதை விட அதிகமா க்ளூட்டன் இருக்கும். ஆக ஒரு சிட்டிகை தூள் டிரேல விழுந்தாலும் கணக்கு தப்பிடும். ஓவன் சூட்டுல எல்லாம் செத்துடும்னு சிலர் சொல்வாங்க, அது தப்பு, க்ளூட்டன் கிருமி இல்ல, புரோட்டீன், 180 டிகிரில ஒரு மணி நேரம் வச்சாலும் அது பண்ற கெடுதல் குறையாது.

சரி எங்க இருந்து வந்திருக்கும்? முதல்ல பொருள்ல பாருங்க. ஸ்டாக் க்யூப், சூப் பொடி, சோயா சாஸ் (வழக்கமான சோயா சாஸ் கோதுமை சேர்த்துத்தான் புளிக்க வைக்கிறாங்க), சாசேஜ், ரெடிமேட் மசாலா கலவை, ஃப்ளேவர் போட்ட சிப்ஸ், இதுல எல்லாம் ஒளிஞ்சிருக்கும். கார்ன்ஃப்ளேக்ஸ் சோளம்தானேன்னு பொடிச்சு மேல தூவுறவங்க நிறைய, ஆனா நிறைய பிராண்டுல பார்லி மால்ட் போட்டிருப்பாங்க, பார்லியும் சேராது. க்ளூட்டன் இருக்கிறது கோதுமை, பார்லி, ரை மூணுலயும், அதனால "கோதுமை இல்லை"ன்னு மட்டும் போட்டிருக்கிற பாக்கெட் போதாது, க்ளூட்டன் ஃப்ரீன்னே இருக்கணும். ரவை, கஸ்கஸ், ஸ்பெல்ட் இதெல்லாம் கோதுமை வகைதான். ஓட்ஸ்ல கோதுமை கலக்காம தனியா பாதுகாத்து எடுத்ததுன்னு க்ளூட்டன் ஃப்ரீ போட்டது மட்டும்தான் வாங்கணும், அதுவும் சீலியாக் இருக்கிற சிலருக்கு ஒத்துக்காது, கேட்டுட்டு போடுங்க. இன்னொண்ணு, கார்ன்ஃப்ளோர்னு பேர் போட்டு கோதுமை ஸ்டார்ச்சுல செஞ்ச பாக்கெட்டும் சில நாடுகள்ல விக்குது, அதனால முன்பக்கத்தை விட்டுட்டு பின்பக்கம் இருக்கிற பொருள் பட்டியலைப் படிங்க.

பொருள்ல இல்லன்னா பாத்திரத்துல இருக்கும். மரக் கரண்டி, மரக் கட்டிங் போர்டு, பாஸ்தா வடிகட்டுற சல்லடை, கீறல் விழுந்த நான்ஸ்டிக் இதுல எல்லாம் மாவு போய் உக்காந்துக்கும், கழுவினாலும் முழுசா போகாது, இந்த டிஷ்ஷுக்கு ஸ்டீல், கண்ணாடி பாத்திரமா எடுத்துக்கங்க. டோஸ்ட்ல தடவின கத்தியோட உள்ள போய் வந்த வெண்ணெய் டப்பால கண்டிப்பா தூள் இருக்கும், புதுசா ஒரு வெண்ணெய் பிரிங்க. அதே நாள் மைதால கேக் கீக் பண்றதா இருந்தா க்ளூட்டன் இல்லாத டிரேயை முதல்ல செஞ்சு மூடி எடுத்து வச்சுட்டு அப்புறம் மைதா பாக்கெட்டைத் திறங்க, ஏன்னா மைதா காத்துல பறந்து கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் எல்லா இடத்துலயும் படியும். ஓவன்ல ரெண்டு டிரே ஒண்ணா போகுதுன்னா க்ளூட்டன் இல்லாதது மேல் தட்டுல, மூடி.

சமையல்ல எல்லாம் சரியா பண்ணிட்டு டேபிள்ல கோட்டை விடுறதுதான் நிறைய நடக்குது. யாரோ ஒருத்தர் பக்கத்துல இருக்கிற மைதா ஐட்டத்துல போட்ட கரண்டியை எடுத்து இதுல போட்டுடுவாங்க, அவங்க மேல தப்பு இல்ல, அவங்களுக்குத் தெரியாது. அதனால இதுக்கு தனிக் கரண்டி, டேபிளோட ஒரு ஓரம், முடிஞ்சா அந்த விருந்தாளியையே முதல் ஆளா பரிமாறிக்கச் சொல்லுங்க. நான் எப்பவும் பரிந்துரைக்கிறது, அவங்களுக்குன்னு ஒரு சின்ன கிண்ணத்துல தனியா பேக் பண்ணி மூடி எடுத்து வச்சிடுங்க, டேபிள்ல என்ன நடந்தாலும் அது பத்திரமா இருக்கும். அப்புறம் உபயோகிச்ச பாக்கெட் எதையும் தூக்கிப் போடாதீங்க, எடுத்து வச்சு காட்டுங்க, வருஷக் கணக்கா லேபிள் படிச்சே பழகினவங்க அவங்க, ஒரு பார்வைல கண்டுபிடிச்சுடுவாங்க, நிம்மதியாவும் சாப்பிடுவாங்க. விருந்துக்குப் போயி எதைத் தொடலாம் எதைத் தொடக் கூடாதுன்னு ஒவ்வொண்ணுக்கும் கேட்டுக்கிட்டே இருக்கிறது அவங்களுக்கு எவ்வளவு கூச்சமா இருக்கும்னு யோசிச்சா இந்த வேலை பெருசா தெரியாது.

ஒரு பிரட் துண்டு டிரேல விழுந்துடுச்சுன்னா எடுத்துப் போட்டுட்டு பரிமாறாதீங்க. அந்த டிரே மத்தவங்களுக்கு, அவ்வளவுதான்.

ஏற்கனவே சாப்பிட்டு முடியாம இருக்காங்கன்னா மறைக்காம என்னென்ன போட்டீங்கன்னு அவங்ககிட்ட சொல்லுங்க, தண்ணி குடிக்க வச்சு ஓய்வெடுக்க விடுங்க, வாந்தி நிக்கல, ரொம்ப சோர்ந்துட்டாங்கன்னா டாக்டர்கிட்ட போகணும். கோதுமை அலர்ஜி வேற விஷயம், அதுல மூச்சு வாங்குறது, உதடு, தொண்டை வீங்குறது வந்தா ஒரு நிமிஷம் கூட காத்திருக்காம அவசர உதவியைக் கூப்பிடணும்.

சாஸ்ல கட்டி கட்டியா இருக்கு

கார்ன்ஃப்ளோரை நேரா சூடான பால்ல கொட்டியிருப்பீங்க. சூடு பட்ட உடனே ஒவ்வொரு உருண்டைக்கும் வெளிப்பக்கம் வெந்து தோல் மாதிரி மூடிக்கும், உள்ள காஞ்ச மாவு அப்படியே இருக்கும், அப்புறம் எவ்வளவு கிளறினாலும் உடையாது. எடுத்து வச்ச பால்ல இருந்து அரை கப் ஃப்ரிட்ஜ் சில்லுலயே எடுத்து அதுல மாவைக் கரைச்சு, மீதிப் பாலை வெண்ணெயோட சூடு பண்ணி லேசா ஆவி வரும்போது கரைச்சதை ஊத்திக்கிட்டே கிளறணும், ஊத்துறதுக்கு முன்னாடி அடில படிஞ்சிருக்கும், இன்னொரு தடவை கலக்கிக்கங்க.

கட்டி வந்தாச்சுன்னா சல்லடைல வடிச்சுடுங்க. மிக்ஸி, ஹேண்ட் பிளெண்டர் வேண்டாம்னு சொல்லல, ஆனா ரொம்ப நேரம் ஓட்டினா ஸ்டார்ச் உடைஞ்சு சாஸ் நீர்த்துப் போகும், ரெண்டு மூணு தட்டு போதும். வடிச்சதுல கொஞ்சம் மாவு போயிடும், அதனால மறுபடி ஒரு டீஸ்பூன் சில்லு பால்ல கரைச்சு ஊத்துங்க.

சாஸ் தண்ணியா இருக்கு

இதுல எப்ப தண்ணியாச்சுங்கிறது முக்கியம்.

அடுப்புலயே கெட்டியாகலன்னா சூடு பத்தல. கார்ன்ஃப்ளோர் 65 டிகிரி பக்கத்துல ஊற ஆரம்பிச்சாலும் முழு கெட்டி கொதி நிலைக்கு ஒட்டி 95 டிகிரி கிட்டதான் வரும். ஓரத்துல ஆவி வருது, பால் பொங்கிடுமோன்னு பயந்து இறக்கிடுறாங்க, அங்கதான் தப்பு. சாஸ் நடுவுல பொக் பொக்னு குமிழி வரணும், வந்த பிறகு ஒரு நிமிஷம் கிளறி இறக்கணும். அதுக்கு முன்னாடியே "கெட்டியாகலையே"ன்னு இன்னும் ரெண்டு ஸ்பூன் மாவு போட்டா கொதி வந்த உடனே மொத்தமும் கல்லாயிடும்.

முதல்ல கெட்டியா இருந்து அப்புறம் நீர்த்துப் போச்சுன்னா அது வேற. ரொம்ப நேரம் கொதிக்க விட்டிருக்கலாம், விஸ்க் வச்சு வேகமா அடிச்சிருக்கலாம், எலுமிச்சை, வைன், தக்காளி மாதிரி புளிப்பை முதல்லயே சேர்த்திருக்கலாம், மூணுமே ஸ்டார்ச்சை உடைக்கும். டேஸ்ட் பாத்த கரண்டியையே திரும்ப சாஸ்ல விடுறதும் ஒரு காரணம், எச்சில்ல இருக்கிற அமைலேஸ் என்சைம் ஸ்டார்ச்சை சர்க்கரையா உடைக்கிற வேலையைத்தான் பண்ணும், சாஸ் கொஞ்சம் ஆறினதும் அது அங்கயும் அதையே பண்ணுது. முட்டை மஞ்சள் கருவுலயும் இதே என்சைம் இருக்கு, அதனால மஞ்சள் கரு சேர்க்கிற சாஸையும் நல்லா சூடாக்கணும், அரைகுறையா இறக்கினா கொஞ்ச நேரத்துல தளர்ந்து போகும். இந்த எல்லா கேஸ்லயும் தீர்வு ஒண்ணுதான், அரை டேபிள்ஸ்பூன் மாவு சில்லு பால்ல கரைச்சு ஊத்தி, ஒரே ஒரு தடவை கொதி வர விட்டு நிறுத்துங்க.

அடுப்புல சரியா இருந்தது, ஓவன்ல இருந்து வந்தப்ப டிரே அடில தண்ணி நிக்குதுன்னா சாஸைத் திட்டாதீங்க, தண்ணி காய்கறில இருந்து வந்தது. ஸ்லைஸைக் கழுவிட்டு ஈரத்தோட அடுக்கினா வரும். காளான், பசலைக் கீரை, சுக்கினி சேர்த்தா நிச்சயம் வரும், அதை எல்லாம் முதல்ல வாணலில வதக்கி தண்ணி வத்த விட்டுத்தான் சேர்க்கணும், கீரையைப் பிழிஞ்சு போடுங்க. மெழுகு மாதிரி கெட்டியா இருக்கிற சாலட் உருளைக்கிழங்குல ஸ்டார்ச் கம்மி, மாவு உருளைக்கிழங்குதான் இதுக்கு சரி. பல நேரம் இது எதுவுமே இல்ல, வெளிய எடுத்த உடனே வெட்டியிருப்பீங்க. 15 நிமிஷம் விட்டா ஸ்டார்ச் ஆறி அந்தத் தண்ணியை இழுத்துக்கும், கொதிக்க கொதிக்க எந்த சாஸும் தளர்வாத்தான் இருக்கும். விட்டும் நிக்குதுன்னா டிரேயை சாய்ச்சு அந்தத் தண்ணியை ஒரு சின்ன பாத்திரத்துல எடுத்து, மாவு கரைச்சு ஊத்தி கொதிக்க வச்சு மேல ஊத்திடுங்க, யாருக்கும் வித்தியாசம் தெரியாது. காஞ்ச மாவை மேல தூவி மறுபடி ஓவன்ல வைக்கிறது மட்டும் வேண்டாம், வெள்ளை வெள்ளையா திட்டு நிக்கும்.

வழவழன்னு பசை மாதிரி இழுக்குது

கடைல வாங்கின க்ளூட்டன் ஃப்ரீ மாவுக் கலவை போட்டீங்களா? பின்னாடி பாருங்க, சாந்தன் கம் இருக்கும். அது பிரட், கேக்குக்கு க்ளூட்டன் பண்ற இழுவை வேலையை ஈடு பண்ண சேர்க்கிறது, சாஸுக்குத் தேவையே இல்ல. தனியா வாங்கி சாஸ்ல போடுறவங்க ஒரு கப்புக்கு கால் டீஸ்பூனுக்கு மேல போகவே கூடாது, அதுவே எனக்கு அதிகம்னுதான் தோணும். டாப்பியோக்கா மாவு, உருளைக்கிழங்கு ஸ்டார்ச் ரெண்டும் பளபளன்னு அழகா வரும், ஆனா கொஞ்சம் கூடினாலும் நூல் மாதிரி இழுக்கும், பால் சாஸுக்கு நான் போட மாட்டேன்.

ஆயிடுச்சுன்னா சூடான பால் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி மெதுவா கலந்து தளர்த்துங்க, உப்பு மறுபடி பாருங்க. சாந்தன் கம்மால வந்த வழவழப்பு பால் ஊத்தினா குறையும், ஆனா முழுசா போகாது.

நாக்குல நறநறன்னு இருக்கு, பச்சை மாவு வாசனை அடிக்குது

நறநறன்னு இருந்தா அரிசி மாவு. கொரகொரப்பா அரைச்ச மாவு தண்ணியை உறிஞ்ச நேரம் எடுக்கும், சாஸ் அஞ்சு நிமிஷத்துல முடியுற வேலை, அதுக்குள்ள மாவு ஊறி முடிக்காது. ரொம்ப நைஸா அரைச்சதா எடுத்து, பால்ல கரைச்சு 20, 30 நிமிஷம் ஊற விட்டுட்டு அப்புறம் அடுப்புல ஏத்தி, குமிழி வந்ததும் தீயைக் குறைச்சு அஞ்சாறு நிமிஷம் விடுங்க. இப்பவே நறநறன்னு இருக்குன்னா கொஞ்சம் பால் ஊத்தி சின்ன தீல இன்னும் வேக விட்டா பாதி சரியாகும், மீதி ஓவன்ல சரியாகும்.

கடலை மாவு போட்டவங்களுக்கு பச்சை வாசனை வரும், அதை வெண்ணெய்ல மணம் வர்ற வரைக்கும் வறுத்துட்டுத்தான் பால் ஊத்தணும். அப்பவும் அந்த ருசி தனியா தெரியும், ஒயிட் சாஸ்ல எனக்கு அது பிடிக்கிறதில்ல.

சாஸ் திரிஞ்சு போச்சு

கொழுப்பு எடுத்த பால் போட்டா திரியுற வாய்ப்பு அதிகம், கொழுப்பு கூடக் கூட பால் புரோட்டீன் ஒண்ணோட ஒண்ணு ஒட்டுறது குறையும், அதனாலதான் க்ரீம் தாங்குது, வெறும் பால் தாங்கல. அதோட உப்பு, புளிப்பு, அதிக சூடு மூணும் சேர்ந்தா திரியும். ஓவனை 200க்கு மேல வச்சு சீக்கிரம் முடிச்சுடலாம்னு பண்ணாதீங்க, டிரேல சாஸ் கொதிச்சு அலையடிக்கக் கூடாது, ஓரத்துல லேசா குமிழி வந்தா போதும். தயிர், சவர் க்ரீம் சேர்க்கிறதா இருந்தா அடுப்பை நிறுத்தி கொஞ்சம் ஆறினதும் சேருங்க, மாவு கரைச்ச சாஸ்ல சேர்த்தா தாங்கும், ஏன்னா ஸ்டார்ச் நடுவுல புகுந்து புரோட்டீனை சேர விடாது.

அடுப்புல திரிஞ்சா உடனே இறக்கி, சில்லு க்ரீம் ரெண்டு ஸ்பூன் ஊத்தி ஹேண்ட் பிளெண்டர்ல சில செகண்ட் ஓட்டி, ஒரு டீஸ்பூன் கார்ன்ஃப்ளோர் கரைச்சு ஊத்தி மறுபடி சின்ன தீல கெட்டியாக்குங்க. ஓவன்ல திரிஞ்சதுன்னா ஒண்ணும் பண்ண முடியாது, பாக்க அழகா இருக்காது, ருசிக்கும் உடம்புக்கும் ஒண்ணும் இல்ல, மேல கொஞ்சம் சீஸ் தூவி நிறம் வர வச்சு பரிமாறிடுங்க.

மேல எண்ணெய் மிதக்குது

சீஸ். கொதிக்கிற சாஸ்ல போட்டா புரோட்டீன் சுருங்கி கொழுப்பை வெளிய தள்ளிடும், நல்லா முதிர்ந்த சீஸா இருந்தா இன்னும் சீக்கிரம் பிரியும். அடுப்பை அணைச்சு ஒரு நிமிஷம் கழிச்சு கைப்பிடி கைப்பிடியா போட்டு கரைய விடுங்க, முதிர்ந்ததுல பாதி, இளசா உருகுறதுல பாதின்னு கலந்துக்கலாம். டிரேல மிதக்குறதை டிஷ்யூ பேப்பரால ஒத்தி எடுங்க.

நேரம் முடிஞ்சுது, கிழங்கு இன்னும் நறுக்கு நறுக்குன்னு இருக்கு

விருந்து நாள்ல ஆளை ரொம்ப பதற வைக்கிறது இதுதான், ஏன்னா மேல பாத்தா பொன்னிறமா இருக்கும், கத்தி விட்டா நடுவுல நிக்கும், டேபிள்ல எல்லாரும் உக்காந்தாச்சு.

முதல் சந்தேகம் கனம். கையால வெட்டினா ஒண்ணு 3 மில்லிமீட்டர், ஒண்ணு 6 மில்லிமீட்டர்னு வரும், கனமானது வேகும்போது மெல்லிசு குழைஞ்சிருக்கும், ஸ்லைசர் இருந்தா உபயோகிங்க, கை பத்திரம். ரெண்டாவது புளிப்பு, கிழங்கோட செல் சுவரை ஒட்ட வச்சிருக்கிற பெக்டின் புளிப்பு இருந்தா சீக்கிரம் கரையாது, தக்காளி, எலுமிச்சை, சவர் க்ரீம் போட்ட சாஸ்ல கிழங்கு ஒரு மணி நேரம் கழிச்சும் விறைப்பா இருக்கிறதுக்கு அதுதான் காரணம், புளிப்பு வேணும்னா கிழங்கு வெந்த பிறகு மேல சேருங்க. மூணாவது ஆழமான டிரே, அதுல ஆறிப்போன சாஸ். நடுப்பகுதிக்கு சூடு போய்ச் சேரவே அரை மணி நேரம் ஆகும். அகலமான டிரேல 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல அடுக்காம, சாஸைக் கொதிக்கக் கொதிக்க ஊத்தி உடனே ஓவன்ல வைங்க.

இப்ப அவசரத்துக்கு: அரை கப் பாலைக் கொதிக்க வச்சு ஓரமா ஊத்துங்க, ஃபாயிலை இறுக்கமா மூடுங்க, 180லயே இன்னும் 20 நிமிஷம். மூடினா உள்ள ஆவி நிக்கும், அதுதான் கிழங்கை வேக வைக்கும், திறந்து வச்சு சூட்டைக் கூட்டினா மேல கருகும், உள்ள அப்படியே இருக்கும். மைக்ரோவேவ்ல போற டிரேயா இருந்தா ஃபாயில் இல்லாம வேற மூடி போட்டு 6, 7 நிமிஷம் ஓட்டிட்டு மறுபடி ஓவன்ல மேல் நிறத்தை சரி பண்ணிக்கலாம், விருந்து நாள்ல இதுல தப்பே இல்ல.

இந்த டென்ஷனே வேண்டாம்னா ஒரு வழி இருக்கு, என்கிட்ட யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்: ஸ்லைஸைப் பால், க்ரீம், உப்போட அடுப்புலயே 8, 10 நிமிஷம் சின்ன தீல வேக விடுங்க. கிழங்குல இருந்து வர்ற ஸ்டார்ச்சே பாலைக் கெட்டியாக்க ஆரம்பிச்சுடும், கார்ன்ஃப்ளோர் பாதி போதும், ஓவன் நேரமும் அரை மணி நேரத்துல முடியும். அப்படியே தூக்கி டிரேல ஊத்த வேண்டியதுதான். அடுக்கு வரிசை அவ்வளவு அழகா இருக்காது, ஆனா வேகாம போச்சுங்கிற பேச்சுக்கே இடம் இல்ல.

ஸ்லைஸ் கறுத்துப் போச்சு

வெட்டி வச்ச கிழங்கு காத்து பட்டு பழுப்பாகும், என்சைம் வேலை அது, கெடுதல் இல்ல. தண்ணில போட்டு வச்சா நிக்கும், ஆனா நமக்கு வேணுங்கிற ஸ்டார்ச்சும் தண்ணியோட போயிடும், அதனால வெட்ட வெட்ட பாலுக்குள்ளயே போடுங்க. வெந்த பிறகு சாம்பல் நிறம் வந்தா அது கிழங்குல இருக்கிற இரும்புச் சத்தால வர்றது, அதுவும் சாப்பிடலாம்.

மேல்பக்கம் மொறுமொறுன்னு வரல

க்ளூட்டன் இல்லாத பிரட்ல ஈரம் அதிகம், அப்படியே உதிர்த்துப் போட்டா சாஸை உறிஞ்சி சதசதன்னு உக்காந்துடும். உதிர்த்த பிரட்டை 120 டிகிரில 15, 20 நிமிஷம் நல்லா காய வச்சு, ஆறினதும் பொடிச்சு, உருக்கின வெண்ணெய்ல பிசிறி, கடைசி 20 நிமிஷம் ஃபாயில் எடுக்கும்போது மட்டும் தூவுங்க, முதல்லயே தூவினா மொறுமொறுப்புக்கு வழியே இல்ல. பிரட் இல்லன்னா உப்பு மட்டும் போட்ட உருளைக்கிழங்கு சிப்ஸ் நொறுக்கிப் போடலாம், எனக்கு பிரட்டை விட அதுதான் பிடிக்கும், உப்பு இருக்கிறதால சாஸ்ல கொஞ்சம் குறைச்சுக்கங்க. பாதாம், வால்நட் பொடிச்சுப் போடுறவங்க வர்றவங்கள்ல யாருக்காவது நட்ஸ் அலர்ஜி இருக்கான்னு கேட்டுக்கங்க.

நிறம் மட்டும் வரலன்னா மேல் தட்டுக்கு மாத்தி கிரில்ல 2, 3 நிமிஷம், பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டு.

எல்லாம் சரி, ஆனா சப்புன்னு இருக்கு

ஸ்டார்ச்சும் பாலும் உப்பையும் மணத்தையும் அமுக்கிடும், கிழங்கும் நிறைய உப்பு இழுக்கும். சாஸைத் தனியா ருசி பாக்கும்போது ஒரு துளி உப்பு கூடுதலா தெரியணும், அப்பதான் கிழங்கோட சேரும்போது சரியா இருக்கும். பூண்டை வெண்ணெய்ல வதக்கிட்டுப் போடுங்க. பரிமாறுறப்ப மிளகு புதுசா இடிச்சு தூவினா வித்தியாசம் தெரியும்.

முந்தின நாளே செஞ்சு வச்சேன், கெட்டியாகி தண்ணி விட்டுடுச்சு

கார்ன்ஃப்ளோர் சாஸ் ஃப்ரிட்ஜ்ல கெட்டியாகுறது இயல்பு, ஓரத்துல கொஞ்சம் தண்ணி கசியும், சூடு பண்ணா திரும்ப சேர்ந்துக்கும். ஃப்ரீசர்ல வச்சா அப்படி சேராது, ஸ்பாஞ்ச் மாதிரி ஆகி தண்ணி தனியா நிக்கும், வெந்த உருளைக்கிழங்கும் ஃப்ரீசர்ல நல்லா இருக்காது, அதனால இந்த டிஷ்ஷை ஃப்ரீஸ் பண்ணாதீங்க. வேற ஏதாவது சாஸை ஃப்ரீஸ் பண்ணித்தான் ஆகணும்னா ஒட்டும் அரிசி மாவுல செய்ங்க, அது உருகினாலும் பிரியாது, க்ளூட்டனும் இல்ல.

முந்தின நாள் வேலையை முடிக்கணும்னா ஃபாயில் மூடி வேக வைக்கிற பகுதியை மட்டும் முடிச்சு, சீக்கிரம் ஆற விட்டு ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல வச்சிடுங்க, பால் ஐட்டம் அதுக்கு மேல வெளிய இருக்கக் கூடாது. மறுநாள் அரை மணி நேரம் முன்னாடி ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து, கால் கப் சூடான பால் ஓரமா ஊத்தி, மூடி 170 டிகிரில 30 நிமிஷம், நடுவுல தெர்மாமீட்டர் விட்டா 74 டிகிரி காட்டணும், தெர்மாமீட்டர் இல்லன்னா கத்தியை நடுவுல விட்டு பத்து செகண்ட் கழிச்சு எடுத்துத் தொட்டா கை வைக்க முடியாத சூடு இருக்கணும். கண்ணாடி டிரேயா இருந்தா ஃப்ரிட்ஜ்ல இருந்து நேரா சூடான ஓவனுக்குள்ள வைக்காதீங்க, வெடிச்சுடும். அப்புறம் மூடியை எடுத்துட்டு மேல தூவ வேண்டியதைத் தூவி இன்னும் 15 நிமிஷம். விருந்தாளிக்கு தனியா எடுத்து வச்ச சின்ன கிண்ணம் 20 நிமிஷத்துல சூடாயிடும், அதை அப்புறமா உள்ள வச்சா ரெண்டும் ஒண்ணா வெளிய வரும்.